தாத்தாவைப் பற்றி இயந்திரத்திற்கு என்ன தெரியும்?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



'செயற்கை நுண்ணறிவும் நாமும்' என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். தலைப்பு பெரிது. நான் ஒரு கட்டுரை நோட்டிலிருந்து தொடங்குகிறேன்.

இவ்வாண்டின் நடுவில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களை 'என் தாத்தா' என்று ஒரு கட்டுரை எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவன் எழுதி வந்தான். பெயரைச் சொல்லமாட்டேன். (தம்பி, தலையைக் குனிந்துகொள்ள வேண்டாம், யாருக்கும் தெரியாது.) பிழை ஒன்றுகூட இல்லை. லகர ளகர ழகரம் எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. அதிலேயே எனக்குச் சந்தேகம். 'என் தாத்தா எங்கள் கிராமத்து ஆலமரத்தடியில் அமர்ந்து நீதிக்கதைகள் கூறுவார். ஏர் பிடித்து உழுத அவருடைய கைகள் காய்த்துப் போயிருக்கும்' என்று எழுதியிருந்தான்.

அவன் தாத்தாவை எனக்குத் தெரியும். உங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் ஏரைக் கண்ணால் பார்த்தவரா என்பதே சந்தேகம். பால் மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு உதிரிப் பழம் பொறுக்கியவர். ஆலமரம் நம் தோட்டத்தில் எங்கே இருக்கிறது?

"யாருப்பா எழுதினது?" என்று கேட்டேன். "போன் எழுதுச்சு சார்" என்றான். பொய் சொல்லவில்லை. அதற்காக அவனைப் பாராட்டுகிறேன்.

போன் எப்படி எழுதும்? 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி அமெரிக்காவில் ஓப்பன் ஏஐ என்ற நிறுவனம் சாட்ஜிபிடி என்பதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பிறகு அதைப்போலப் பல வந்தன. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போகிற இயந்திரம் அது.

இதை வகுப்பில் விளையாட்டாகச் செய்து காட்டினேன். "காலையில் எழுந்து பல்..." என்று நிறுத்தினேன். "துலக்கினேன்!" என்று வகுப்பே கத்தியது. சரி, இப்போது பெரியவர்களைக் கேட்கிறேன். "ராத்திரி மழை பெய்ததால் இன்றைக்குப் பால்..." ஆம், "வெட்டு இல்லை" என்கிறீர்கள். பட்டணத்தில் வளர்ந்த பிள்ளையைக் கேட்டால் "பால்காரர் வரவில்லை" என்று சொல்லும். இரண்டும் சரியான தமிழ்தான். ஆனால் உங்கள் பதில் எத்தனை புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது? இயந்திரம் படித்தவற்றில் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் தாத்தா என்றால் கிராமம், திண்ணை, ஆலமரம். மங்கும் காண்டாக் கம்பும் அதற்கு எங்கிருந்து தெரியும்? தெரியாததைத் தெரியாது என்று அது பெரும்பாலும் சொல்வதுமில்லை. வழுவழுவென்று எழுதிவிடும். அங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம்.

பையனைக் கண்டிப்பதற்கு முன்னால் அம்மாவை வரச் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "சார், நான்தான் போன்ல கேட்டு எழுதச் சொன்னேன். எனக்கு ரெண்டாம் வகுப்புக்கு மேல படிப்பு இல்ல. மத்தப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வீட்டுல ஆள் இருக்கு. எம்புள்ளைக்கு மார்க்கு கொறையக் கூடாதுன்னு நெனைச்சேன்." எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதே அம்மா, அதே போனில் தமிழில் பேசி, மருத்துவமனைக்கு ஒரு மலாய்க் கடிதம் எழுதி வாங்கியிருக்கிறார். முன்பெல்லாம் அதற்குக் கிராணியின் வீட்டு வாசலில் கால் கடுக்க நிற்க வேண்டும். இதைக் கெடுதல் என்று நான் எப்படிச் சொல்வேன்?

இந்தப் போன் வீட்டுக்குள் வந்ததில் பள்ளிக்கும் பங்குண்டு. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. அதுவரை "போனைத் தொடாதே" என்று சொன்ன நாங்களே "போனைத் திற, பாடம் இருக்கிறது" என்றோம். ஒரு போனை மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்தது. ஆனால் போன் கையிலேயே தங்கிவிட்டது.

பெற்றோர்களே, உங்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் அப்பா காலத்தில் தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் காட்டுவார்களாம். 'வணக்கம்' என்று போட்டதும் விளக்கைப் போடுவார்கள், பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம் என்பார். இந்தக் கைப்பேசிப் படத்துக்கு 'வணக்கம்' கிடையாது. விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கும்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பிள்ளை ஏதோ கேட்கும். "இருடா, இதோ" என்கிறோம். அந்த 'இதோ' வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடும். நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. போன மாதம் என் மகளே "அப்பா, போன்ட்ட பேசுறீங்களா, எங்கிட்ட பேசுறீங்களா" என்று கேட்டுவிட்டாள்.

1966இல் ஜோசப் வைசன்பாம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எலைசா என்று ஒரு கணினி நிரல் செய்தார். "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று எழுதினால் "ஏன் கவலையாக இருக்கிறது?" என்பதுபோலத் திருப்பிக் கேட்கும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனாலும் அது வெறும் நிரல் என்று அறிந்த அவருடைய செயலாளரே, அதனோடு தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம். இன்றைய இயந்திரம் அதைவிட எவ்வளவோ இனிமையாகப் பேசுகிறது. 'இருடா' என்று சொல்வதே இல்லை. பிள்ளை எங்கே போகும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருவருடைய குரலை வைத்து அதே குரலில் வேறு பேச்சை இப்போது உண்டாக்க முடியும். மகன் குரலில் "அம்மா, அவசரமாகப் பணம் அனுப்பு" என்று அழைப்பு வந்தால் போனை வைத்துவிட்டு, மகனுடைய வழக்கமான எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 997க்கு அழையுங்கள். அப்புறம், சாட்ஜிபிடியை 13 வயது நிரம்பாதவர்கள் பயன்படுத்தக் கூடாது என்பது அந்த நிறுவனமே போட்ட விதி. நம் பள்ளியில் யாருக்கும் அந்த வயது ஆகவில்லை.

கட்டுரைக்கு வருகிறேன். அந்தப் பையனை மறுபடியும் எழுதச் சொன்னேன். "தாத்தாவிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேள். அவர் சொன்னதை எழுது" என்றேன். மறுநாள் அரைப்பக்கம் எழுதி வந்தான். எட்டுப் பிழை. 'தாத்தா தோள்ள ஒரு மேடு இருக்கு. ஏன்னு கேட்டேன். ரெண்டு வாளி பாலைக் காண்டாவுல தூக்கித் தூக்கி வந்ததாம். மேட்டைத் தொட்டுப் பாருன்னு சொன்னார். கல்லு மாதிரி இருந்துச்சு. தினமும் அந்தத் தோள்லதான் நான் சாய்ஞ்சு டிவி பார்ப்பேன். எனக்குத் தெரியாது.'

பிழைகளைத் திருத்தினேன். கடைசி வாக்கியத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அந்தக் கட்டுரை இந்த மலரில் வருகிறது, தேடிப் படியுங்கள்.

உண்மையைச் சொன்னால், இந்த உரையையும் முதலில் இயந்திரத்திடம்தான் கேட்டுப் பார்த்தேன். அழகாகத்தான் எழுதிக் கொடுத்தது. கோலாலம்பூரிலும் பேசலாம், சென்னையிலும் பேசலாம். இந்த மண்டபத்தில் பேச அதில் ஒரு வரி கிடைக்கவில்லை. பிறகு இரண்டு இரவு உட்கார்ந்து நானே எழுதினேன்.

அடுத்த ஆண்டிலிருந்து நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு கேள்வி கொடுத்தனுப்பப் போகிறோம். வீட்டுப் பெரியவர் வாயால் சொல்ல, பிள்ளை கையால் எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதே என்று எந்தத் தாயும் தயங்க வேண்டாம். நீங்கள் சொன்னால் போதும். வேலை அலுப்பு எனக்குத் தெரியும், கால் மணி நேரம்தான் கேட்கிறேன். பிழைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மேசை மேலே பரிசுகள் காத்திருக்கின்றன. முதலாம் ஆண்டுக் குழந்தைகள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். தலைமையாசிரியர் அவர்களைப் பரிசு வழங்க அழைத்து விடைபெறுகிறேன்.