அட்டவணையில் இடம்பெறாத லயங்கள்

இப்படி ஒரு மாநாட்டின் தலைமை இருக்கை தரப்படும்போது மகிழ்ச்சியோடு சற்று நடுக்கமும் சேர்ந்தே வருகிறது. எதிரே அமர்ந்திருப்பவர்களில் பலர் கேரளத்து அட்டப்பாடியின் பழங்குடி ஊர்களிலும், தேவிகுளம் பீர்மேடு தோட்டங்களிலும், சித்தூர் வட்டத்து எல்லைச் சிற்றூர்களிலும் ஆண்டுக்கணக்கில் நடந்து தரவு திரட்டியவர்கள். அவர்களுக்குத் துறையின் அரிச்சுவடியை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தலைமை ஏற்றவர் செய்யக்கூடியது நன்றி சொல்வதும், மனத்தில் கிடக்கும் ஒரு வழக்கை அவையின் முன் வைப்பதும்தான்.

வளரும் நாடுகளில் பாதுகாப்பு, நலவாழ்வு, கல்வி பற்றிய கொள்கை ஆய்வு என்பது மாநாட்டின் பொருள். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 1994ஆம் ஆண்டு மனித வளர்ச்சி அறிக்கை, பாதுகாப்பு என்றால் எல்லைக் காவல் என்ற எண்ணத்தை விட்டு உணவு, உடல்நலம், வருமானம், சுற்றுச்சூழல் ஆகியவற்றையும் அதற்குள் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு இந்த மூன்றையும் தனித்தனியாகப் பேசுவோர் குறைந்துவிட்டார்கள். பொதுப்பார்வையை அமர்வுகள் தந்துவிடும். எனவே நேராக வழக்குக்கே வரலாம்.

திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் 1975இல் ஐ.நா.வுக்காகத் தயாரித்த கேரள அறிக்கையைப் படிக்காமல் இத்துறைக்குள் வந்தவர்கள் இல்லை. 1985இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இத்தாலியின் பெல்லாஜியோவில் ஒரு கூட்டம் நடத்தி, குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியத்தை எட்டியவை என்று சீனா, கோஸ்டாரிகா, இலங்கை, கேரளம் ஆகிய நான்கையும் அடையாளம் காட்டியது. மறு ஆண்டே ஜான் கால்ட்வெல் இலங்கை, கேரளம், கோஸ்டாரிகா மூன்றையும் எடுத்துக்கொண்டு, பெண்கல்வியும் மக்களின் அரசியல் விழிப்பும்தான் காரணம் என்று வாதிட்டார். நாற்பது ஆண்டுகளாக ‘கேரள மாதிரி’ என்ற பெயரில் இந்தப் பாடம் உலகெங்கும் சொல்லித்தரப்படுகிறது. பாடம் தவறில்லை. 2020இல் நாட்டின் குழந்தை இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 28 ஆக இருந்தபோது கேரளத்தில் அது 6தான். இதைச் சிறுமைப்படுத்த இந்த உரைக்கு எண்ணமில்லை.

ஆனால் அந்த நான்கில் இரண்டு இடங்களின் மலைகளில் ஒரே மக்கள் கொழுந்து பறிக்கிறார்கள் என்பதை இப்பாடம் கவனிப்பதில்லை. நெல்லை, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணிகளால் கூட்டிச்செல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஹட்டனிலும் இருக்கிறார்கள், மூணாறிலும் இருக்கிறார்கள். இலங்கை, சுதந்திரம் பெற்ற 1948இலேயே மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. அந்த அநீதியைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆயினும் இலங்கையின் தொகைமதிப்புத் துறை ஒரு நல்ல காரியம் செய்தது. நகரம், கிராமம், தோட்டம் என்று நாட்டை மூன்றாகப் பிரித்தது. 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்பு, அதில் தங்கி வேலை செய்யும் தொழிலாளர் 10 பேராவது: அது தோட்டம். இதனால் வறுமையோ பள்ளி இடைநிற்றலோ பிள்ளைகளின் எடைக்குறைவோ, எந்த அட்டவணையிலும் மலையகம் தனிப் பத்தியாக வந்து நிற்கிறது. அரசு விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது கண்ணில் படும்.

இந்தியாவில் நகரம் உண்டு, கிராமம் உண்டு. தோட்டம் என்ற பத்தி கிடையாது. மூணாறுத் தோட்டத்து வரிசை வீடான லயம், தொடுபுழைப் பக்கத்து ரப்பர் விவசாயி வீடு, கட்டப்பனை ஏலக்காய் வியாபாரியின் மாடி வீடு எல்லாம் இடுக்கி மாவட்டம் என்ற ஒரே வரியில் கரைந்துவிடுகின்றன. தேசியக் குடும்பநல ஆய்வின் மாதிரி மாவட்ட அளவுக்குக் கீழே இறங்குவதில்லை. அதைக் குறை சொல்வது நியாயமில்லை, அது வகுக்கப்பட்ட விதம் அப்படி. ஆனால் அந்த மாவட்டச் சராசரியை எடுத்துத் தோட்டத்துப் பெண்ணின் உடல்நிலைக்குச் சான்றாகக் காட்டும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன.

இதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது என்று மூத்த நண்பர்கள் கருதலாம். ஜான் குரியன் 1995இல் கடலோர மீனவர்களை முன்வைத்து, கேரள மாதிரியின் சராசரியிலிருந்து விலகி நிற்பவர்களைப் பற்றி எழுதினார். துறைக்கு அது பெரிய கொடை. அதன் பிறகு பழங்குடிகளும் தோட்டத் தொழிலாளர்களும் அதே பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். இங்கேதான் தலைமை ஏற்றவர் மரியாதையோடு மாறுபடுகிறார். தோட்டத் தொழிலாளர் தாமாக விலகி நின்றவர்கள் அல்லர். சட்டமே அவர்களைத் தனியே நிறுத்தியது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் பொறுப்பாக்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்துதரச் சொல்லும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தந்தது. அன்று அது முற்போக்கான சட்டம். அதன் விளைவு என்ன? மாநிலம் முழுக்க அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களும் பள்ளிகளும் பெருகிய காலத்தில், மலையில் அந்தப் பொறுப்பு கம்பெனியின் லாப நட்டக் கணக்கோடு கட்டுண்டது. 2000இல் பீர்மேட்டுத் தோட்டங்கள் பூட்டப்பட்டபோது வேலை, மருந்து, குடிநீர், கூரை எல்லாம் ஒரே நாளில் கேள்விக்குறியாயின. 2015 செப்டம்பரில் ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்து மூணாறு சாலையில் உட்கார்ந்த பெண்கள் அப்போது வாங்கிய நாள்கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பின் அது 301 ஆனது. கேரள மாதிரியின் எந்த ஆய்வாளரும் அந்தப் போராட்டத்தை முன்கூட்டி உணரவில்லை. உணர வைக்கும் எண் எந்த அட்டவணையிலும் இல்லை.

எண் இல்லையென்றால் எங்கே தேடுவது? இந்த உரை அதிக நேரம் கேட்பது இதற்காகத்தான். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, ஒரு நிகழ்வு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். சமவெளியில் இதனால் பெரிய சிக்கல் இல்லை. எல்லையில் இது எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. மூணாறு லயத்துப் பெண் தலைப்பிரசவத்துக்குக் கயத்தாறு, சங்கரன்கோவில் பக்கத்துத் தாய்வீட்டுக்குப் போனால் பிள்ளை தமிழ்நாட்டுக் கணக்கில் பிறக்கிறது. அட்டப்பாடியில் கோட்டத்தறை மருத்துவமனையில் சமாளிக்க முடியாத பிரசவம் மலையிறங்கி மன்னார்க்காடு வழியே திருச்சூருக்கும் போகும், ஆனைகட்டி வழியே கோவைக்கும் போகும். கோவையில் அந்தப் பச்சிளம் குழந்தை இறந்தால், அந்த மரணம் கோவை மாநகராட்சியின் ஏட்டில் ஏறும். குமுளியிலிருந்து தேனி மருத்துவக் கல்லூரிக்குப் போகும் நோயாளியின் கதையும் இதேதான்.

பதிவுப் படிவத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் இரண்டு பகுதிகள். ஒன்று சட்டப் பகுதி. பெயர், நாள், பெற்றோர், முகவரி எல்லாம் அதில். மற்றது புள்ளிவிவரப் பகுதி. பதிவாளர் அதைக் கிழித்துத் தனியே மேலிடத்துக்கு அனுப்புகிறார். அந்தத் துண்டுத்தாளில் தாய் வழக்கமாக வசிக்கும் ஊர், மாவட்டம், மாநிலம் இருக்கின்றன. பிரசவம் வேறு ஊரில் நடந்திருந்தாலும் வசிப்பிடத்தையே எழுத வேண்டும் என்ற குறிப்பும் இருக்கிறது. தாயின் படிப்பு, திருமணமானபோது வயது, எத்தனை வாரக் கர்ப்பம், குழந்தையின் பிறப்பு எடை எல்லாம் அதே தாளில். நலவாழ்வையும் கல்வியையும் ஒரே வரியில் கட்டிவைத்திருக்கும் அரிய ஆவணம் அது. மாவட்டச் சராசரிக்குள் ஒளிந்துகொள்ள அதில் இடமில்லை. ஆனாலும் கோவையில் கிழிக்கப்பட்ட துண்டு சென்னைக்குப் போகிறது, பாலக்காட்டுத் துண்டு திருவனந்தபுரத்துக்குப் போகிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படித்த ஆய்வை இந்த மாநாடுகளில் கேட்க நேர்ந்ததில்லை.

படித்திருந்தால் 2013இல் அட்டப்பாடிக் குழந்தை மரணங்கள் பற்றி நடந்த விவாதம் வேறு மாதிரி போயிருக்கும். அங்கன்வாடி உணவை வாங்கி உண்ணாத தாய்மார்கள், சிறுவயதுத் திருமணம், குடிப்பழக்கம் என்று அப்போது சொல்லப்பட்ட விளக்கங்களை இந்த அவையிலும் சிலர் ஆதரித்தார்கள். அவர்களின் அக்கறையில் ஐயமில்லை. ஆனால் அந்த விளக்கங்கள் தாயிடமே தொடங்கித் தாயிடமே முடிந்துவிடுகின்றன. 1951இல் அட்டப்பாடியின் மக்கள்தொகையில் பழங்குடிகள் ஏறத்தாழ 90 விழுக்காடு. 2001இல் 41 விழுக்காட்டு அளவுக்கு வந்துவிட்டார்கள். கைமாறிய நிலத்தை மீட்டுத்தரும் சட்டம் 1975இல் வந்தது, விதிகள் வர 1986 ஆனது, 1999இல் புதிய சட்டம் அதன் பெரும்பகுதியை நீர்த்துப்போகச் செய்தது. ராகியும் சாமையும் விளைந்த காடு கைவிட்டுப் போன பிறகு ரேஷன் அரிசி தட்டுக்கு வந்தது. கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கும் கதை அங்கே தொடங்குகிறது. 2013க்குப் பின் அரசே சமூகச் சமையற்கூடங்களைத் திறந்ததும், 2017இல் சிறுதானியக் கிராமத் திட்டத்தைத் தொடங்கியதும் இந்த வாதத்தை மெல்ல ஒப்புக்கொண்டதாகவே கொள்ள வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள். தொலைத்தொடர்பு அற்றுப்போயிருந்ததால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே வந்தது. அதன்பின் வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மழையளவையும் சரிவின் கோணத்தையும் அளந்தன. அவை தேவைதான். அந்த மக்கள் ஏன் அந்த இடத்தில் இருந்தார்கள் என்பதையும் அளந்திருக்க வேண்டும். லயத்து வீடு வேலையோடு வருவது. ஓய்வுபெறும் நாளில் ஒப்படைக்க வேண்டியது. வீட்டைக் காப்பாற்ற மகனோ மகளோ கொழுந்துக் கூடையை எடுத்தாக வேண்டும். பள்ளியிலிருந்து நின்றுவிடுவதும் ஆபத்தான சரிவில் தங்குவதும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள் என்பதை நிலவியலாளரும் கல்வியியலாளரும் ஒரே கட்டுரையில் எழுதும் நாள் வர வேண்டும்.

பிறர் முடிவுக்குக் கட்டுண்ட இந்த லயங்களுக்கு எதிர்ப்பக்கச் சான்று இடமலைக்குடி. 2010இல் உருவான, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி அது. முதுவர் குடிகள் காட்டுக்குள் இருக்க, ஊராட்சி அலுவலகம் நெடுங்காலம் தேவிகுளத்தில் இயங்கியது. கொரோனாக் காலத்தில் அந்த முதுவர்களே கூடி முடிவெடுத்து வெளியாரைத் தடுத்தார்கள். பொருள் வாங்க வெளியே சென்றவர் திரும்பித் தனித்திருந்தார். 2021 ஜூலை வரை அங்கே ஒரு தொற்றுகூட இல்லை. நலக்கொள்கையை வகுக்கும் திறன் அந்தக் குடிகளுக்கு உண்டு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? பரம்பிக்குளத்துக் கதையும் அப்படியே. பாலக்காடு மாவட்டத்து ஊர், ஆனால் சாலை தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகத்தான். 2020 காந்தி ஜெயந்தியன்று பரம்பிக்குளத்துக்குள் இருக்கும் தேக்கடி ஊர்க்காரர்கள் தாங்களே மண்வெட்டி எடுத்துக் கேரளப் பக்கத்துச் செம்மணாம்பதிக்கு வழி வெட்டத் தொடங்கினார்கள்.

சிறிய பகுதி ஒன்றின் பதிவேடு எவ்வளவு சொல்லும் என்பதற்கு வங்கதேசத்து மத்லப் போதும். 1966 முதல் அங்கே பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு மூன்றும் வீடு வீடாகப் பதிவாகின்றன. வாய்வழி நீரேற்றக் கரைசல், குடும்பநலம், தடுப்பூசி பற்றி உலகம் கற்ற பலவும் அந்த ஏடுகளிலிருந்து வந்தவை. நமக்குப் புதிய ஏடு தொடங்க வேண்டிய அவசியம்கூட இல்லை, ஏடு ஏற்கெனவே எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

எனவே மாலைத் தீர்மான அமர்வு இரண்டு கோரிக்கைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாடு, கேரளத் தலைமைப் பதிவாளர்கள் எல்லை மாவட்டங்களின் புள்ளிவிவரப் பகுதிகளை வசிப்பிட வாரியாக ஆண்டுதோறும் பரிமாறிக்கொள்ள வேண்டும். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகளில் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தனிக் குறியீடு வேண்டும். முதலாவதற்குத் தனியுரிமை தடையாகும் என்று சென்ற முறை ஒரு நண்பர் எழுந்து சொன்னார். அவர் இன்றும் வந்திருக்கிறார் என்பதில் மகிழ்ச்சி. பெயரும் வீட்டு முகவரியும் சட்டப் பகுதியில்தான் இருக்கின்றன. நாம் கேட்கும் துண்டில் தாயின் பெயர் இல்லை, அவள் ஊர் மட்டுமே இருக்கிறது.