முதியோரை முறையோடு வழியனுப்புவோம்

(தோட்டக் கிளையின் பொதுக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

சம்பளம், போனஸ், வீடு, தண்ணீர் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கே நாம் வழக்கமாக இந்தப் பிரட்டுக் களத்தில் கூடுவோம். இன்று கமிட்டி கொடுத்திருக்கும் பொருள் வேறு. நம்மிடையே வாழும் முதியோரைப் பற்றியும், அவர்கள் கண்ணை மூடும் நாளில் நாம் செய்யவேண்டிய கடமையைப் பற்றியும் பேசவேண்டும். "விளக்கு வைக்கும் நேரத்தில் சாவுப் பேச்சா?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் முதியோர் முகம் சுளிப்பதில்லை. நம் பாட்டிமார் சிலருடைய தகரப் பெட்டியின் அடியில் மடித்து வைத்த புதுச் சேலை ஒன்று இருக்கும். பக்கத்தில் ஒரு துணியில் கொஞ்சம் பணம் முடிந்திருக்கும். கேட்டால், "என் கடைசிக் காரியத்துக்கு, யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது" என்பார்கள். அவர்கள் தயாராக இருக்கிறார்கள், தோழர்களே! தயாராக இல்லாதவர்கள் நாமே.

பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்ததை நம்மில் பலர் அறிவோம். அங்கே தண்ணீர்ப் பம்பைப் பார்த்துவந்த ஒரு பெரியவரை எல்லாரும் "பம்பு வீட்டுத் தாத்தா" என்றே அழைத்தார்கள். அவருக்கு மனைவி மக்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் காலமானபோது, உடலைப் பெறக் கையெழுத்துப் போடுவது யார் என்று தெரியாமல் மூன்று நாள் பிணவறையில் கிடந்தார். கடைசியில் தோட்டத்து ஜனங்களே பெற்றுவந்து லயத்து வாசலில் கிடத்தினார்கள். கிரியை செய்ய வந்த பண்டாரம், "தகப்பனார் பெயர் என்ன? பூர்வீக ஊர் எது?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாற்பது ஆண்டுக் காலம் அந்தத் தோட்டத்திற்குத் தண்ணீர் கொடுத்தவர், தகப்பன் பெயரைச் சொல்ல ஆளில்லாமல் மண்ணுக்குள் போனார். பாடை கட்ட ஆள் இருந்தது. குழி வெட்ட ஆள் இருந்தது. மாலைக்குப் பணமும் இருந்தது. அவர் உயிரோடிருந்தபோது கேட்டு எழுதிவைத்த நாலு வரி மட்டும் இல்லை.

இந்தக் குறையைத்தான் நாம் தீர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இந்த முதியோர் யார்? இன்று எண்பது வயதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் இந்த நாட்டிலேயே பிறந்தவர்கள். அவர்களைப் பெற்றவர்கள் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவர, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி, பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கியவர்கள். கங்காணி முறையில் ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938இல் நிறுத்தியது. அதற்குப் பின் இந்தப் பிள்ளைகளுக்கு இந்த மண்ணே ஊராயிற்று.

ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று வளர்ந்தவர்கள் இவர்களில் உண்டு. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் முள்வேலிக்குள் வாழ்ந்தவர்கள் உண்டு. மரம் சீவப் போகும்போது சோற்றுப் பொட்டலம் வைத்திருக்கிறார்களா என்று கேட்டில் சோதனை போட்ட காலம் அது. 1954இல் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. இவர்களும் இவர்களைப் பெற்றவர்களும் கொடுத்த சந்தாவில்தான் அது வளர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குப் பணம் கட்டியவர்கள் இவர்கள். 1969க்குப் பின் வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது, பல்லாயிரவர் இந்தியா திரும்பினார்கள். அண்ணன் கப்பலேற, தம்பி இங்கே நின்ற குடும்பங்களும் உண்டு. நாம் இன்று கேட்டு வாங்கும் உரிமைகளுக்கெல்லாம் அடியில் இவர்களுடைய வியர்வை இருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

முறையான சாவுகூட இல்லாமல் போனவர்களையும் இங்கே நினைக்கவேண்டும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானியர் போட்டனர். நம் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரமாயிரமாகக் கொண்டுபோனார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் அடியிலும் மாண்டவர்கள் பாதையோரத்திலேயே புதைக்கப்பட்டார்கள், எரிக்கப்பட்டார்கள். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க் கைதிகள் ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. நம் தோட்டத்து ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறை வரிசை இல்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தகப்பன் இறந்த தேதி தெரியாது. தேதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் படையலிட்டு வருகிறார்கள். யுத்தம் செய்த கொடுமை அது. யுத்தமில்லாத இந்தக் காலத்திலும் ஒரு தொழிலாளி பெயர் தெரியாமல் போனால், அதற்கு நாம் யாரைக் குறை சொல்வது?

கிராணி வேலை பார்க்கும் நமக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். செக்ரோலில் ஒரு தொழிலாளியின் நம்பர் இருக்கும், பெயர் இருக்கும், எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோ பால், எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் இருக்கும். அவர் எங்கே பிறந்தார், எந்தக் கஷ்டத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தார், எந்தத் திருவிழாவில் காவடி எடுத்தார், காமன் கூத்தில் என்ன வேஷம் கட்டினார் என்று எழுத அதில் கட்டம் கிடையாது. அந்தக் கட்டத்தை நாம்தான் போடவேண்டும்.

ஆகவே, நம் கிளை ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கவேண்டும். எழுபது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் அதில் இரண்டு பக்கம். பெயர், தாய் தகப்பன் பெயர், பூர்வீக ஊர், பிறந்த தோட்டம், வேலை செய்த தோட்டங்கள், செய்த வேலை, உடன்பிறந்தார், பிள்ளைகள், சங்கத்தில் செய்த தொண்டு ஆகியவற்றை எழுதவேண்டும். அதன்பின் ஒரு கேள்வி: "உங்கள் காரியத்தை எப்படிச் செய்யவேண்டும்?" அடக்கமா, தகனமா? எந்தச் சமய முறை? யாருக்குச் சொல்லி அனுப்பவேண்டும்? எழுதப் படிக்கத் தெரிந்த நம் இளைஞர்கள் விடுமுறை நாளில் போய் உட்கார்ந்து கேட்கலாம். தாத்தா பாட்டிமார் முதலில் கூச்சப்படுவார்கள், பிறகு நிறுத்தமாட்டார்கள். அவர்களிடம் யாரும் இதுவரை இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை.

மரணம் நேர்ந்தால், பாடையைத் தூக்குமுன் அந்த இரண்டு பக்கத்தையும் ஒருவர் உரக்க வாசிக்கவேண்டும். ஐந்து நிமிஷம் போதும். ஒப்பாரி வைக்கும் தாய்மார் ஒரு காலத்தில் அந்த வேலையைச் செய்தார்கள். இறந்தவரின் குலமும் குணமும் பட்ட பாடும் அவர்கள் வாயில் வந்தது. இன்று ஒப்பாரி தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். நகரத்திலிருந்து காரில் வந்து நிற்கும் பேரப் பிள்ளைகளுக்கு, பெட்டிக்குள் கிடப்பவர் யார் என்பதை அந்த ஐந்து நிமிஷமாவது சொல்லட்டும்.

இனி, ஏற்பாடுகளைப் பற்றி.

முதலாவது, பத்திரங்கள். மரணத்தைப் பதியவேண்டும், அடக்கத்திற்கும் தகனத்திற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும், வீட்டில் இறந்தால் போலீஸ் நிலையத்திற்கு அறிவிக்கவேண்டும். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் அடையாளக் கார்டைத் தேடுவது எவ்வளவு தொல்லை என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்து, அடையாளக் கார்டில் வேறு எழுத்து என்றிருந்தால், வாரிசுகள் நாயாய் அலையவேண்டும். நம் முதியோரில் சிவப்புக் கார்டு வைத்திருப்பவர்களும் உண்டு. மெர்டேக்கா கிடைத்த 1957க்குப் பின் வழி தெரியாமல் விண்ணப்பம் போடாமல் விட்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். பத்திரக் கோளாறு எதுவாயினும் ஆள் இருக்கும்போதே கமிட்டியிடம் கொண்டுவாருங்கள்.

சேமநிதி 1951இல் வந்தது. நம் முதியோரில் பலர் ஐம்பத்தைந்து வயதிலேயே பணத்தை எடுத்து, பிள்ளைகள் கல்யாணத்திற்கும் வீட்டிற்கும் போட்டுவிட்டார்கள். இன்னும் வேலையில் இருப்பவர்கள் வாரிசு நியமனம் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நியமித்தவர் உங்களுக்கு முன்பே இறந்திருந்தால், மறுபடியும் நியமிக்கவேண்டும். வேலை விபத்தில் இறந்தவர், சொக்சோ பென்ஷன் பெற்றுவந்தவர் முதலியோருக்கு ஈமச் செலவு உதவி உண்டு. கேட்காமல் வீடு தேடி வராது.

இரண்டாவது, மரண சகாய நிதி. முன்பு ஒரு சாவு விழுந்தால், சம்பள நாளில் ஆளுக்கு ஒரு வெள்ளி தானாகச் சேரும். லயம் நிறைய ஜனங்கள் இருந்த காலம் அது. இன்று நம் பிள்ளைகள் நகரத்தில். ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை. தோட்டத்தில் எஞ்சியிருப்பவை சில குடும்பங்களே. சவ வண்டி, பெட்டி, பந்தல், தகனக் கட்டணம் என்று செலவோ ஆயிரக்கணக்கில் ஏறிவிட்டது. ஆகவே, நகரத்திற்குப் போன நம் பிள்ளைகளையும் சேர்த்து, மாதம் ஐந்து வெள்ளி வீதம் ஒரு நிதி தொடங்குவோம். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி முறையாகப் பதிவு செய்வோம்; கணக்கை ஆண்டுதோறும் இதே களத்தில் வாசிப்போம். சம்பளத்தில் பிடிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தொழிலாளியின் சம்மதமும் சட்டத்தின் அனுமதியும் இல்லாமல் சம்பளத்தில் ஒரு காசும் பிடிக்கக் கூடாது. நிதி நல்ல காரியத்திற்கு என்றாலும் அந்த விதி தளராது.

நிதி செலவுக்குத்தான், ஆடம்பரத்திற்கு அல்ல. கருமாதி விருந்துக்கு வட்டிக்காரனிடம் கடன் வாங்கிவிட்டு ஓராண்டு அடைப்பது இறந்தவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பாட்டி முடிந்துவைத்த பணத்தைப் போத்தலுக்குச் செலவழிப்பதும் மரியாதை ஆகாது.

மூன்றாவது, சுடுகாடு. நம் சுடுகாடு தோட்டத்துக் கிராண்டுக்குள் இருக்கிறது. தோட்டம் கைமாறினால் அதுவும் கைமாறும். வீடமைப்புக்கு நிலம் போகும்போது கோயிலுக்காகக் குரல் கொடுக்கப் பத்துப் பேர் வருவார்கள்; சுடுகாட்டுக்காகக் குரல் கொடுக்க ஆள் குறைவு. மரக்கட்டை நட்ட குழிகளில் கட்டை மக்கிப்போய், யார் எங்கே கிடக்கிறார் என்று தெரியாத நிலை. தோட்டம் விலைபோகும்வரை காத்திருக்கலாகாது. இந்த மாதமே சுடுகாட்டை வெட்டித் துப்புரவு செய்து, குழிகளை எண்ணி, வரைபடம் போட்டு, படம் எடுத்து வைப்போம். ஒவ்வொரு குழிக்கும் பெயரும் ஆண்டும் எழுதிய சிமெண்டுப் பலகை ஒன்று. பிறகு நிர்வாகத்தையும் நில அலுவலகத்தையும் அணுகுவோம். நில உரிமையாளர் அந்தத் துண்டை மாநில அரசாங்கத்திடம் ஒப்படைத்தால், 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவுப்படி அதைப் பொதுக் காரியத்திற்கு ஒதுக்கிக் கெஜட்டில் வெளியிட முடியும். கெஜட்டில் ஏறிய சுடுகாட்டை யாரும் எளிதில் கை வைக்க முடியாது.

நாலாவது, ஒற்றுமை. கிராணிமாருக்குத் தனிச் சங்கம், தொழிலாளருக்குத் தனிச் சங்கம் என்பது சம்பளப் பேச்சில் இருக்கட்டும்; பாடைக்குத் தோள் கொடுப்பதில் வேண்டாம். இன்ன சாதிதான் குழி வெட்டவேண்டும், இன்ன சாதிதான் தப்பு அடிக்கவேண்டும் என்ற பேச்சும் இந்தத் தோட்டத்தில் இனி எழக் கூடாது. ஒரே பிரட்டில் நின்றவர்கள், ஒரே ஸ்டோரில் பால் ஊற்றியவர்கள் சுடுகாட்டில் பிரிந்து கிடக்கவேண்டிய அவசியம் என்ன? இந்துவோ கிறிஸ்துவரோ, அவரவர் முறைப்படி காரியம் நடக்கட்டும். தோள் மட்டும் எல்லாருடையதாக இருக்கட்டும்.

தோழர்களே! காலைப் பால் நிறுவை முடிந்த பிறகே பிணத்தை எடுப்பது நம் தோட்ட வழக்கம். சாவு வீட்டிலும் வேலையை மறக்காத ஜனங்கள் நாம். அந்த ஜனங்களுக்கு இறுதி மரியாதையைச் சரியாகச் செய்யத் தெரியாதா? நோட்டுப் புத்தகம், பத்திரச் சோதனை, மரண சகாய நிதி, சுடுகாட்டு வரைபடம் ஆகிய நான்கையும் தீர்மானமாக இந்தக் கூட்டம் நிறைவேற்றவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எழுதும் வேலையை ஏற்க ஆறு இளைஞர்கள் தேவை. முன்வருகிறவர்கள் கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் பெயர் கொடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் லயத்து முதல் வீட்டில் தொடங்குவோம்.