ரத்தம் எடுங்கள், வேலையை எடுக்காதீர்கள்

(எண்ணூரில் தூய்மைப் பணியாளர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மருத்துவர் இல்லை. சாதியையும் தொழில்சார் நோய்களையும் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இன்று ஹெபடைடிஸ் பி பற்றி மட்டும் பேசுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, இந்தியாவில் சுமார் 2.98 கோடிப் பேருக்கு இந்த வைரஸ் தொற்று இருக்கிறது. பலருக்கு அது தெரியவே தெரியாது. மஞ்சள் காமாலைகூட வராமல், ஆண்டுக்கணக்கில் கல்லீரலைத் தின்னும் நோய் இது.

இது ரத்தம் வழியாகப் பரவும். காய்ந்த ரத்தத்திலும் குறைந்தது 7 நாள் இருக்கும். வீட்டில் இன்சுலின் போட்ட ஊசி குப்பைப் பையில் வந்து, பிரிக்கிற கையில் குத்துகிறது. அப்படிக் குத்தும்போது எச்.ஐ.வி.யைவிட ஹெபடைடிஸ் பி பல மடங்கு எளிதாகத் தொற்றும்.

2016 மருத்துவக் கழிவு விதிகள், அந்தக் கழிவைக் கையாளும் பணியாளர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுவதை மருத்துவமனையின் கடமையாக்குகின்றன. அதே ஊசி தெருக் குப்பைக்கு வந்துவிட்டால் அந்தக் கடமை யாருடையது? குழந்தைகளுக்கான இத்தடுப்பூசி நாடு முழுவதும் விரிவானது 2011இல்தான். அப்படியென்றால் இங்கே உட்கார்ந்திருக்கும் பெரும்பாலோருக்குச் சிறுவயதில் அது கிடைத்திருக்காது.

பரிசோதனை எளிது. 'எச்பிஎஸ் ஆன்டிஜென்' இருந்தால் தொற்று இருக்கிறது. அதற்கெதிரான ஆன்டிபாடி போதுமான அளவில் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் தடுப்பூசி தேவை. முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று தவணை. தொற்று உள்ளவர்களில் தேவைப்படுவோருக்குத் தினம் ஒரு மாத்திரை. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

பிறகு ஏன் தயக்கம்? ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: "ரிசல்ட் சூப்பர்வைசர் கைக்குப் போனா, நாளைக்கு என்னை வேலைக்கு எடுப்பாங்களா தம்பி?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் முகாம் நடத்துவதில் பயனில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, ஒரே டம்ளரில் குடித்தாலோ, தொட்டாலோ இது பரவாது. ஆனால் நம் ஊர் டீக்கடைகளில் தனி டம்ளர் வைக்க வைரஸ் தேவைப்பட்டதா? தீட்டு என்று ஒதுக்கப் பழகிய சமூகத்தின் கையில், ஒரு பரிசோதனைத் தாள் புதிய தனி டம்ளர் ஆகிவிடும்.

எச்.ஐ.வி.க்கு 2017இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்புதலின்றிப் பரிசோதிக்கக்கூடாது, வேலைக்கு நிபந்தனையாகப் பரிசோதனை கேட்கக்கூடாது, முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. ஹெபடைடிஸ் பி-க்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. நிரந்தரப் பணியாளரை நோயைக் காட்டி எளிதில் அனுப்ப முடியாது. ஒப்பந்தப் பணியாளருக்கு "நாளைக்கு வராதே" என்ற ஒரு சொல் போதும். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தது தனியார்மயத்துக்கு எதிராகத்தான். பணிப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் உடல்நலப் பாதுகாப்பும் இல்லை.

ஆகவே கேட்போம். பரிசோதனையும் தடுப்பூசியும் வேலை நேரத்தில், சம்பளப் பிடித்தமின்றி வேண்டும். முடிவு பணியாளர் கையில் மட்டும். ஊசி குத்தினால் 24 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து. தொற்றைக் காட்டி யாரையும் நீக்கக்கூடாது. இதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்கள் வீட்டு ஊசியை மூடியுள்ள கெட்டியான டப்பாவில் போட்டு, தனியாகச் சொல்லிக் கொடுங்கள். அதை இன்றே செய்யலாம். மற்றதைச் சேர்ந்து போராடித்தான் வாங்க வேண்டும். ஜெய்பீம்.