பிள்ளையின் வாய்க்குப் பூட்டிடாதீர்!

(பரந்தனில் நடைபெற்ற பெற்றோர், ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



நெல் விலை பற்றியோ, குளத்து நீர் பற்றியோ, காணி உறுதி பற்றியோ யாம் பேசுவோம் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவை அனைத்துக்கும் அடிப்படையான ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகின்றோம். வகுப்பறையில் நமது பிள்ளை எழுப்பும் "ஏன்?" என்னும் கேள்வியே அது.

2021ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டது. இயற்கைப் பசளை நல்லதா, தீயதா என்பது வேறு வழக்கு. ஒரே போகத்தில் நாடு முழுவதும் மாற இயலுமா? அதற்கு வேண்டிய பசளை எங்கே? விளைச்சல் குறைந்தால் இழப்பை ஈடுசெய்வோர் யார்? கமக்காரர் கேட்டனர், விவசாய விஞ்ஞானிகளும் கேட்டனர். ஆணையிட்டோர் செவிமடுக்கவில்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆயினும் காலம் பிந்திவிட்டது. அக்காலபோகத்தில் நாடெங்கும் நெல் விளைச்சல் வீழ்ந்தது. கேள்வியை மதியாமையின் விலையை வயல்களே செலுத்தின.

கேள்விக்குச் செவிகொடாத அதிகாரி வானத்திலிருந்து குதித்தவர் அல்லர். அவரும் ஒரு வகுப்பறையிலிருந்து எழுந்து வந்தவரே. "வாயை மூடு, சொன்னதை எழுது" என்று கேட்டு வளர்ந்தவர், பதவிக்கு வந்ததும் அதனையே பிறருக்குச் சொல்கின்றார்.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. கூலியாளின் பிள்ளைக்கும் பள்ளிக் கதவு திறந்தது. 1999இல் முதலாம் தரத்திலிருந்து நாடெங்கும் தொடங்கிய சீர்திருத்தம், விளையாட்டும் செயற்பாடும் கலந்து கற்பிக்குமாறு கூறியது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என ஒரு பாடத்தையே வகுத்தது. ஏட்டில் இவ்வளவும் உண்டு. நடப்பு என்ன? ஐந்தாம் தரத்தை எட்டுமுன்னரே புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் பிள்ளைமேல் விழுகின்றது. மாலையில் தனியார் வகுப்பு; விடுமுறையிலும் வகுப்பு; மாதிரி வினாத்தாள் மேல் மாதிரி வினாத்தாள். வினாவுவது தாள், பிள்ளைக்கோ விடை எழுதும் வேலை மட்டுமே!

அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர், சொன்னவர் யார் என்று பாராது சொல்லப்பட்டதன் உண்மையைப் பார்க்கச் சொன்னார். அக்குறளையே பொருள் விளங்காமல் ஒப்புவிக்கச் செய்து புள்ளியிடுகின்றோம். இதனிலும் பெரிய முரண்பாடு உண்டோ? ஆசிரியரிடம் வினவுதலை மாணாக்கரின் கடமைகளுள் ஒன்றாக வைத்தது நன்னூல். நாமோ அதனைக் குற்றமாக்கிவிட்டோம்.

சட்டம் பயின்ற எமக்குத் தெரிந்த வழி ஒன்றைச் சொல்கின்றோம். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, வாய்மொழிச் சான்று நேரடியானதாக இருத்தல் வேண்டும் என்கின்றது. கண்ட செய்தியைக் கண்டவரே வந்து சொல்ல வேண்டும். இந்த அறிவு எட்டு வயதுப் பிள்ளைக்கும் எட்டும்.

வாய்க்காலின் கடைசிக் காணிக்கு நீர் வரவில்லை என்று கொள்வோம். "மேற்காணிக்காரர் திருடிவிட்டார்கள்" என்கின்றான் ஒரு சிறுவன். ஆசிரியர் அவனைக் கடியாமல் மூன்று கேள்விகள் கேட்கட்டும். நீ கண்டாயா? யார் சொன்னார்? வேறு காரணம் இருக்கக்கூடுமா? பின்னர் வகுப்பையே வாய்க்கால் ஓரமாக அழைத்துச் செல்லட்டும். புல் அடைத்த இடமும் கரை உடைந்த இடமும் கண்ணில் படலாம். உண்மையிலேயே திருட்டும் இருக்கலாம். எதுவாயினும், காணுமுன் சொல்லும் சொல்லுக்கும் கண்டபின் சொல்லும் சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை அன்றே கற்றுவிடும்.

அமெரிக்காவில் மத்தியூ லிப்மன் என்ற பேராசிரியர், சிறுவரைச் சிந்திக்கப் பழக்குதற்கென்றே கதை நூல்கள் எழுதினார்; 1974இல் அதற்கென ஒரு நிறுவனமும் கண்டார். நமக்கு இரணைமடு வாய்க்காலே பாடநூல். செலவு ஒரு சதமும் இல்லை.

கேள்வி கேட்கப் பழகினால் அடக்கம் போய்விடும் என அஞ்சும் பெரியோர் உண்டு. மிதிவெடி கிடக்கும் மண்ணில், "தொடாதே" என்றால் தொடாமல் இருக்க வேண்டாமா என்கின்றனர். தொடவே கூடாது. ஆனால், எச்சரிக்கைப் பலகைக்கு அஞ்ச மட்டுமே பழகிய பிள்ளை, பலகையில்லாப் பற்றைக்குள் துருப்பிடித்த இரும்பைக் கண்டால் என்ன செய்யும்? ஏன் தொடக்கூடாது என்று அறிந்த பிள்ளை அங்கும் விலகி நின்று பெரியவரை அழைக்கும். காரணம் அறிந்த கீழ்ப்படிவே உயிரைக் காக்கும்.

ஆசிரியப் பெருமக்களே! நாள்தோறும் பத்து நிமிடத்தைப் பிள்ளைகளின் கேள்விக்கென ஒதுக்குங்கள். "எனக்குத் தெரியாது, நாளை பார்த்துச் சொல்கின்றேன்" என்பதால் உங்கள் மதிப்புக் குறையாது; வளரும். பெற்றோர்களே! எத்தனை புள்ளி எடுத்தாய் என்று கேட்கும் வாயால், இன்று என்ன கேள்வி கேட்டாய் என்றும் கேளுங்கள்.

அவ்வாறு வளரும் பிள்ளை ஒருநாள் வாக்காளனாகும். மேடையேறி வாக்குக் கேட்போரிடம், "நீர் சொல்வதற்குச் சான்று என்ன?" என வினவும். விடையளிக்க இயலாதவர் எவராயினும் அதன் வாக்கைப் பெறாது போகட்டும். அவர் எம்மவராயினும் சரியே!