விமானம் ஓட்ட எவ்வளவு கைபலம் வேண்டும்?

2024 அக்டோபர் 11. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு 140-க்கும் மேற்பட்ட பயணிகளுடன் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. இறங்குவதற்கு முன் எடை குறைய வேண்டும். போயிங் 737-இல் எரிபொருளை வானில் கொட்டிவிட வழி கிடையாது. பறந்துதான் தீர்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்து, இரவு எட்டே காலுக்குத் திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது. துணை விமானி ஒரு பெண். ஹைட்ராலிக் மொத்தமாகக் கைவிட்டால், அவ்வளவு பெரிய விமானத்தை அடக்க ஒரு பெண்ணின் கைபலம் போதுமா?

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். தேர் திரும்புவதோ, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவரின் கணிப்பில். விமானத்திலும் அப்படித்தான். விமானி திருப்புவது யோக் என்னும் கைப்பிடியை. இறக்கையின் பலகைகளைத் தள்ளுவது சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தத்தில் ஓடும் எண்ணெய்.

போயிங் 737-இல் முக்கிய ஹைட்ராலிக் அமைப்புகள் இரண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும். இரண்டுமே போனால், யோக்கிலிருந்து போகும் எஃகு கம்பிவடம் வழியாகக் கையாலேயே இழுக்க வேண்டும். கனமான வேலைதான். வால் சுக்கானை அசைக்க மட்டும் அப்போதும் ஓர் அவசர ஹைட்ராலிக் உண்டு.

விமானிக்கு எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. அமெரிக்க வடிவமைப்பு விதிப்படி, மூக்கைத் தூக்கவோ தாழ்த்தவோ இரு கைகளுக்கும் சேர்த்து சுமார் 34 கிலோ விசைக்கு மேல் தேவைப்படக் கூடாது; அதுவும் சற்று நேரத்துக்குத்தான். நெடுநேரம் பிடிக்க வேண்டுமானால் நாலரை கிலோதான் உச்சவரம்பு. அதிக பலம் வேண்டியது காலுக்கு: சுக்கான் மிதிக்கு 68 கிலோ வரை. போதாதென்றால் பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார்; இரண்டு யோக்குகளும் சேர்ந்தே அசையும்.

ஏர்பஸ் ஏ320-இல் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஒரு கையால் அசைக்கும் சிறு குச்சி, கட்டளையை மின்சாரமாக அனுப்பிவிடும்.

விமானிக்கான மருத்துவப் பரிசோதனையில் கண், காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். எடை தூக்கச் சொல்வதில்லை. இந்திய விமானிகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேர் பெண்கள். உலக சராசரியைவிட மிக அதிகம். உங்கள் வீட்டுப் பெண் "நானும் விமானம் ஓட்டட்டுமா?" என்று கேட்டால், புஜத்தைப் பார்க்காதீர்கள். கணக்கில் எப்படி என்று கேளுங்கள்.