உள்ளங்கை அளவில் ஒரு சுரங்கம்



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இப்போது ஒரு புதுப்பேச்சு கேட்கிறது. 'சின்னப் பெட்டி ஒன்றை வீட்டில் மாட்டிவைத்தால் போதும், தூங்கும்போதே பிட்காயின் விளையும்' என்கிறார்கள். அத்தகைய பெட்டி ஒன்றைத் தோட்டத்து இளைஞர் ஒருவர் வாங்கி வந்தார். ஆசிரியர்களாகிய நாங்கள் அதைச் சில நாள் ஓடவிட்டுப் பார்த்தோம்.

அதன் பெயர் பிட்ஆக்ஸ். உள்ளங்கையில் அடங்கும் மின்சுற்றுப் பலகை. அதில் ஒரு சில்லு, ஒரு சிறு விசிறி, விரலகலத் திரை. வீட்டு இணையத்தோடு சேர்த்ததும் வண்டுபோல் இரையத் தொடங்குகிறது. மலைக்குளிரிலும் தொட்டால் சுடுகிறது.

அது எதைத் தோண்டுகிறது? மண்ணையன்று, எண்களை. பிட்காயின் கணக்கேட்டில் சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு புதிய பக்கம் சேர்கிறது. அப்பக்கத்துக்குப் பொருந்தும் எண்ணை உலகில் முதலில் கண்டுபிடிப்பவருக்கே பரிசு. 2024 ஏப்ரல் முதல் அப்பரிசு 3.125 பிட்காயின். எண்ணைக் கணக்குப் போட்டுப் பெற இயலாது. ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கவேண்டும். இக்கருவி விநாடிக்குச் சுமார் 1.2 லட்சம் கோடி முறை பொருத்திப் பார்க்கிறது.

கேட்க மலைப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் 2025 இறுதியில் உலகக் கருவிகள் அனைத்தும் சேர்ந்து இதைப்போல் சுமார் 80 கோடி மடங்கு வேகத்தில் தேடின. அந்தக் கணக்குப்படி, தனித்து ஓடும் ஒரு பெட்டிக்குச் சராசரியாக 15 ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பரிசு. நான்கு எண் குலுக்கலில் ஒரே எண்ணுக்கு முதல் பரிசு விழும் வாய்ப்பு 10,000 இல் ஒன்று. இப்பெட்டி ஓராண்டு முழுவதும் ஓடினாலும் வாய்ப்பு அதைவிடக் குறைவு. எங்கோ ஒருவருக்குப் பரிசு கிடைத்தால் அது செய்தியாகிறது. கிடைக்காதவர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

மின்செலவு பெரிதன்று, சுமார் 18 வாட், மாதத்துக்கு 13 யூனிட். ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. 'பெரிய இயந்திரம் வாங்கினால் கிடைக்கும்' என்ற ஆசை கடனுக்கு இழுக்கும். சிலரை மீட்டரைத் தவிர்த்து மின்சாரம் திருடவும் தூண்டும். 2021 இல் சரவாக்கின் மிரி நகரில், மின்திருட்டு வழக்குகளில் கைப்பற்றிய 1,069 இயந்திரங்களைப் போலீசார் சாலை உருளையால் நசுக்கினர்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகள் இக்கருவியைக் கேட்டால் ஏச வேண்டாம். நிகழ்தகவு, மின்சாரம், வெப்பம் ஆகிய மூன்றையும் கற்றுத்தரும் நல்ல பாடப்பொருள் இது. ஆனால் கூட்டுப் பணத்தைப் போட்டு வாங்கும் பிழைப்பாக மட்டும் எண்ணவேண்டாம்.