லிட்டருக்கு 2 மில்லி

எனக்குப் பாடம் சொன்னவர்கள் கீழே அமர்ந்திருக்க, நான் மேடையில் இருப்பது கூச்சமாகத்தான் இருக்கிறது. உரை நீண்டால் செயலாளர் தயங்காமல் மணியடிக்கலாம்.

தலைப்பு, தொழிற்பேட்டைகளின் நீர்த்தரமும் நீர்ப் பணியாளரும். 1974 நீர்ச் சட்டம், 1982-இல் வந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், 1987 நிலத்தடி நீர்ச் சட்டம் என்று நான் அடுக்கினால் அது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. மீஞ்சூர் கதையும் உங்களுக்குத் தெரியும். 1960-களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையை ஆராய்ந்தார்கள். சென்னைக்காக இறைத்த இறைப்பில் கடல் உள்ளே வந்தது.

ஆனால் மீஞ்சூர் நமக்கு ஒரு கெட்ட பழக்கத்தையும் விட்டுப்போனது. அங்கே தேடியது உப்பு. குளோரைடு சாதுவான அயனி. கழுவிய எந்தப் பாட்டிலில் பிடித்து, இரண்டு நாள் ஜீப்பில் போட்டுவைத்தாலும் அப்படியே இருக்கும். அதே பாட்டிலைத்தான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் தூக்கி வந்தோம். இங்கே தேடுவது உலோகம்.

போர் தண்ணீர் பிடிக்கும்போது கண்ணாடியாக இருக்கும். காற்றுப் பட்டதும் கரைந்திருந்த இரும்பு துருவாகி அடியில் படியும். ஈயம் இருந்தால் அதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் பாட்டில் சுவரிலும் ஒட்டும். பிடித்த இடத்திலேயே லிட்டருக்குச் சுமார் 2 மில்லி நைட்ரிக் அமிலம் விட்டு, பிஎச் 2-க்குக் கீழே இறக்கிவிட்டால் இந்த வம்பு இல்லை. விடாவிட்டால், மேலே தெளிந்த நீரை ஆய்வகம் நேர்மையாகச் சோதித்து ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதும்.

நானும் அப்படி எழுதிக் கையெழுத்திட்டவன்தான். என்னோடு வந்த உதவியாளர் ஓய்வு பெற்றபின், அவர் அலமாரியில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. நான் அப்படிக் கையெழுத்திட்ட ஒரு மாதிரியை எடுத்த தேதியில் பென்சிலில் எழுதியிருந்தார்: “தெளிவு. மோட்டார் 2 நிமிஷம். ஆசிட் காலி. மாலை 5, பழுப்பு.”

இத்தகைய நோட்டுகளைச் ‘செவிவழிச் செய்தி’ என்று முன்பொரு கருத்தரங்கில் ஒதுக்கினார் நண்பர் ஒருவர். பெயர் வேண்டாம், இரண்டாம் வரிசையில் சிரிக்கிறாரே, அவர்தான். மாதிரிகள் பெருகினால் பிழைகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும் என்றார். புள்ளியியலில் அவர் எனக்கு அண்ணன். ஆனால் அண்ணே, அமிலம் விடாத பிழை இரு பக்கமும் சாயாது, கீழேதான் சாயும். ஆயிரம் மாதிரி எடுத்தாலும் ஆயிரமும் குறைத்தே காட்டும். 2012-இல் குடிநீரில் ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமிலிருந்து 0.01 ஆகக் குறைந்தபின், இந்த இழப்பு சின்ன விஷயமில்லை. உங்கள் வரைபடத்தின் தாழ்ந்த புள்ளிகள் சுத்தமான கிணறுகளா, ஆசிட் தீர்ந்த நாட்களா? அதற்குப் பதில் அந்தப் பென்சில் எழுத்தில்தான் இருக்கிறது.

நம் கட்டுரைகளில் கருவியின் மாடல் எண் தவறாமல் இருக்கும். வெயிலில் நின்று மாதிரி எடுத்தவர் பெயர் நன்றியுரையில்கூட இராது. பல இடங்களில் அவர் ஒப்பந்தக்காரரின் ஆள். அடுத்த வருஷம் யார் வருவார் என்பதே தெரியாது.

முதல் அமர்வில் வரும் கட்டுரைகளில் ஈய அட்டவணைகள் இருக்கின்றன. படிப்பவர்களிடம் நான் கேட்கப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: யார் எடுத்தார், மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது, ஆசிட் இருந்ததா? நோட்டையும் கொண்டு வந்திருப்பவருக்கு ஐந்து நிமிடம் கூடுதல். செயலாளர் மணியைக் கீழே வைக்கட்டும்.